மருத்துவச்சிகளுக்கு வீடு கட்டின தேவன்

வேத வாசிப்பு: யாத்திராகமம் 1:15-21, 2:1-10, ரூத் 4:13-17

 

சில வருஷங்களாகவே சகோதரிகள் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. பெருங்களத்தூரிலிருந்து வருகிறவளும் கேட்கிறாள், முடிச்சூரிலிருந்து வருகிறவளும் கேட்கிறாள், பம்மலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவளும் கேட்கிறாள். "அக்கா, ஏ.என்.எம். படிக்கலாம்னு இருக்கேன். பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு இப்பதான் ரெண்டு. இது தேவசித்தமா இருக்குமா? இல்ல, பிள்ளைங்க வளர்ற வரைக்கும் பொறுத்துக்கணுமா?"

இந்தக் கேள்விக்கு அவளைச் சுற்றியிருக்கிறவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லியிருப்பார்கள். மாமியார், "பச்சப் புள்ளைய விட்டுட்டு என்னடி படிப்பு?" என்கிறார்கள். புருஷன், "உன் இஷ்டம்" என்று கையைக் கழுவிவிடுகிறார். பக்கத்து வீட்டு அம்மா, "ஆஸ்பத்திரி வியாதியெல்லாம் வீட்டுக்குள்ள வந்துடும்" என்கிறார்கள். விசுவாசிகளிலே சிலர், "நாம ஜெபத்தினால சுகம் பெறுகிற ஜனம். நமக்கு ஏன் ஊசியும் மருந்தும்?" என்கிறார்கள். ஆனால் வேதம் என்ன சொல்லுகிறது? ஆவியானவர் தாமே நம் கண்களைத் திறப்பாராக.

1. இராஜாவுக்குப் பேர் இல்லை, மருத்துவச்சிகளுக்குப் பேர் உண்டு

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தைக் கவனமாய் வாசித்துப் பாருங்கள். எகிப்தின் சிங்காசனத்தில் ஒரு பெரிய இராஜா இருக்கிறான். அவனுக்குச் சேனை உண்டு, இரதங்கள் உண்டு, பண்டசாலைப் பட்டணங்கள் உண்டு. ஆனால் அவனுடைய சொந்தப் பேரை வேதம் எழுதவே இல்லை. பார்வோன் என்பது பட்டம்தானே ஒழியப் பேர் அல்ல. அதே அதிகாரத்தில் இரண்டு வேலைக்காரப் பெண்களுடைய பேரை ஆவியானவர் எழுதி வைத்திருக்கிறார். ஒருத்தி சிப்பிராள், இன்னொருத்தி பூவாள். பிரசவம் பார்க்கிறதுதான் அவர்கள் தொழில். இராத்திரி என்று பார்க்க முடியாது, மழை என்று பார்க்க முடியாது. கூப்பிட்டால் ஓட வேண்டும். அல்லேலூயா! உலகம் மறந்துபோகிற வேலையைப் பரலோகம் குறித்து வைத்திருக்கிறது.

ஆண் பிள்ளைகளைக் கொன்றுபோடச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்தபோது, தேவனுக்குப் பயந்த அந்த இரண்டு பேரும் பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள். அதற்குத் தேவன் கொடுத்த பலன் என்ன? பொன்னா? வெள்ளியா? இருபத்தோராம் வசனத்தைப் பாருங்கள். அவர்களுடைய குடும்பம் பெருகும்படி செய்தார். எபிரெய மூலபாஷையில் அந்த இடத்தில் இருக்கிற சொல் "வீடு". பிரசவ வேலைக்கு ஓடின பெண்களுக்குத் தேவன் வீடு கட்டிக் கொடுத்தார்!

பிரியமானவர்களே, "வேலைக்குப் போனால் வீடு கெடும்" என்று மனுஷர் சொல்லுகிறோம். தேவனோ அந்த வேலையைச் செய்தவர்களுக்கே வீட்டைக் கட்டினார். வேலையும் வீடும் ஒன்றுக்கொன்று சத்துரு அல்ல. தேவபயம் இருந்தால் இரண்டும் அவருடைய ஒரே கரத்தில் அடங்கும்.

2. ஜெபமும் மருந்தும்

நாம் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனம். அதில் எள்ளளவும் குறைவில்லை. ஆனாலும் ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில் எசேக்கியா சுவரைப் பார்த்து அழுது ஜெபித்தான், கர்த்தர் கேட்டார், பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடவும் சொன்னார். ஜெபத்தைக் கேட்டவரே பற்றையும் போடச் சொன்னார். லூக்கா வைத்தியர் என்பதைப் பவுல் மறைக்கவில்லை, பிரியமானவர் என்று சேர்த்தே எழுதுகிறார். நல்ல சமாரியன் காயத்தைக் கட்டி, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரத்தில் இராத்திரி முழுவதும் பார்த்துக்கொண்டானே, அது என்ன ஊழியம்? இன்றைக்கு வார்டில் டிரஸ்ஸிங் ட்ரேயைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு சிஸ்டரும் செய்கிற ஊழியம்தான்.

இன்னொன்று சொல்லட்டும். நர்சிங் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே, "வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாத்தையும் கழட்டுங்க, கிருமி தங்கும்" என்பார்கள். நம் சபைப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது!

3. நம் பட்டணத்தில் தேவன் செய்தது

இந்த வேலை நமக்குப் புதியதல்ல. 1844-ல் சென்னையில் பிரசவத்துக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினது. எழும்பூரில் இன்றைக்கும் இருக்கிற அரசு தாய் சேய் நல மருத்துவமனை அதுதான். 1854-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கு இந்தப் பட்டணத்தில் அரசாங்கம் அனுமதி தந்தது. 1871-ல் சென்னை பொது மருத்துவமனையில் நர்சுகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சிங் பயிற்சியைத் தொடங்கினார்கள், பெண்களை டாக்டராக்குகிற பள்ளி 1918-ல்தான் வந்தது. எது முந்தினது பாருங்கள்!

இதன் பலன் என்ன? நம் பாட்டிமார் காலத்தில் பிரசவம் என்றால் வீட்டு மூலையில், அரிவாள்மனையும் துணியும்தான். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியிலேயே நடக்கிறது. டாக்டர்கள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. கையில் பையோடு தெருத்தெருவாக நடந்து, கர்ப்பிணிகளின் பேரை எழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தடுப்பூசி போட்டு, "நாள் நெருங்குது, ஆஸ்பத்திரிக்கு வந்துடும்மா" என்று வாசலில் நின்று கெஞ்சின கிராம சுகாதார நர்சுகளின் பாதங்கள் அதில் உண்டு. அவர்கள் ஏ.என்.எம். படித்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த தாய்மார்.

நம் தாம்பரத்துக்கு வாருங்கள். சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்கி ஏறுகிறோமே, அந்தப் பேர் எப்படி வந்தது? 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு, நர்சின் பராமரிப்பு, இவ்வளவுதான் வைத்தியம். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்ற தகப்பனே பிள்ளையை வீட்டுக்கு வெளியே படுக்க வைத்த காலத்தில், 1993-லிருந்து தாம்பரம் சானடோரியம் அந்த நோயாளிகளை உள்ளே சேர்த்துக்கொண்டது. அந்த வார்டுகளில் கஞ்சி ஊட்டினது யார்? உடம்பு துடைத்தது யார்? கண்ணை மூடிவிட்டது யார்? வீட்டில் பால்குடிப் பிள்ளைகளை வைத்திருந்த நர்சுகளும் அதில் உண்டு. குஷ்டரோகியைத் தூரத்திலிருந்தே சுகமாக்க வல்லவராயிருந்த நம் ஆண்டவர், கையை நீட்டித் தொட்டாரே! தொடுகிறது ஊழியம், பிரியமானவர்களே.

4. பிள்ளையை யார் வைத்துக்கொள்வது?

அப்படியானால் சகோதரி படிக்கப் போகலாம் என்று சொல்லி இந்தச் செய்தியை முடித்துவிடலாமா? கூடாது. ஏனென்றால் "போகலாமா, கூடாதா" என்பது பாதிக் கேள்விதான். அவள் காலை ஆறு மணிக்கு வாசற்படி தாண்டும்போது அந்த இரண்டு வயதுப் பிள்ளை யார் கையில் இருக்கிறது? இதுதான் மீதிக் கேள்வி. இதை அவளிடம் மட்டும் கேட்டால் நியாயமில்லை. கர்த்தர் இதைச் சபையிடம் கேட்கிறார்.

யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். யோகெபேத் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். பிறகு நாணற்பெட்டியில் வைத்து நதியோரத்தில் விட்டாள். தனியாகவா விட்டாள்? இல்லை. அக்காள் மிரியாம் தூரத்தில் நின்று கண்காணித்தாள். பார்வோனின் குமாரத்தி வந்து பார்த்ததும், சமயம் பார்த்து ஓடிவந்து பேசினதும் அவள்தான். கடைசியில் என்ன நடந்தது? பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய்க்குச் சம்பளம் கிடைத்தது! பிள்ளையை வளர்க்கிறதும் சம்பளம் வாங்குகிறதும் ஒரே மடியில் நடந்தது. ஆனால் நடுவில் ஒரு மிரியாம் நிற்காமல் போயிருந்தால்?

ரூத்தைப் பாருங்கள். அவள் மோவாபிலிருந்து வந்த விதவை, வயலில் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சாப்பாடு போட்டவள். அவளுக்கு ஓபேத் பிறந்தபோது, நகோமி அந்தக் குழந்தையைத் தன் மடியில் எடுத்து வளர்த்தாள் என்று நாலாம் அதிகாரம் சொல்லுகிறது. மாமியாரே மருமகள் பிள்ளைக்குத் தாதியானாள். "என் வயசுக்கு இனி எனக்கென்ன இருக்கு" என்று கசந்து வந்த நகோமிக்கு, அந்தப் பிள்ளையை ஏந்தினபோதுதான் வாழ்வு திரும்பினது. தாவீதின் தகப்பனுக்குத் தகப்பன் ஒரு பாட்டியின் மடியில் வளர்ந்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது தாய் ஐனிக்கேயாளை மட்டும் சொல்லவில்லை, பாட்டி லோவிசாளையும் சொல்லுகிறார். நம் சபையில் முழங்கால் வலியோடு பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, உங்களுக்கு ஊழியம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

இதை நான் அனுபவத்திலிருந்தும் எழுதுகிறேன். நான் ஏ.என்.எம். படிக்கப் போனபோது மூத்தவனுக்கு மூன்றரை வயது, இளையவளுக்கு ஒன்றரை. அந்த நாளில் படிப்பு 18 மாதம். என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார்கள். அவர்களுக்கு முடியாத நாட்களில் சபையிலிருந்து ஒரு வயதான தாயார் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் நைட் டூட்டி முடித்து வீட்டுக்குள் நுழைகிறேன். என் மகள் என்னைப் பார்த்து, "பாட்டி, சிஸ்டர் வந்துட்டாங்க" என்றாள். தெருவில் எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிடுவார்கள், குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு மத்தியானம் அந்தத் தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதம்மா. நீ யார்னு அவளுக்கு நான் தினமும் சொல்லிட்டுதான் இருக்கேன். உங்கம்மா இப்ப ஒரு பாப்பாவ ஆண்டவர்கிட்டருந்து வாங்கிட்டு இருக்காங்கன்னு சொல்றேன்" என்றார்கள். அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து பல வருஷமாகிறது. நான் கையில் ஏந்தின ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிற பலனில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். நன்றாய்ப் படித்த ஒரு சகோதரி, பிள்ளைக்கு அம்மை போட்டபோது இரண்டு வாரம் வைத்துக்கொள்ள ஆளில்லாமல், வருகை நாட்கள் குறைந்து, படிப்பையே விட்டுவிட்டாள். அவளுக்கு அறிவு குறைவா? விசுவாசம் குறைவா? ஒரு மடி குறைவாயிருந்தது. அவ்வளவுதான்.

5. தீத்து இரண்டாம் அதிகாரம்

"வீட்டைப் பார்த்துக்கொள்ளுகிறவளாய் இருக்க வேண்டும் என்று தீத்துவில் இருக்கிறதே" என்பார்கள். ஆம், இருக்கிறது, ஆமென். ஆனால் அந்தப் பகுதி யாரிடத்தில் ஆரம்பிக்கிறது? முதிர்வயதுள்ள ஸ்திரீகளிடத்தில்! வாலிப ஸ்திரீகளைப் பழக்குவிக்கிற பொறுப்பு அவர்களுடையது. பழக்குவிக்கிறது என்றால் குற்றம் கண்டுபிடிக்கிறது அல்ல, கூட நின்று தூக்கிவிடுகிறது. நீதிமொழிகள் 31-ல் வருகிற குணசாலியான ஸ்திரீ வயலை வாங்குகிறாள், வியாபாரம் செய்கிறாள், இராத்திரியிலும் அவள் விளக்கு எரிகிறது. நைட் டூட்டிக்குப் போகிற சகோதரியே, அந்த விளக்கு உனக்குத் தெரியும்! அதே வீட்டில் புருஷனும் பிள்ளைகளும் எழுந்து அவளைப் பாராட்டுகிறார்கள். எழும்பாமல் கட்டிலில் படுத்துக்கொண்டு, "காபி எங்கே?" என்று கேட்கவில்லை.

புருஷர்களே, "உன் இஷ்டம்" என்பது சம்மதம் அல்ல. பிள்ளைக்குத் தலை வாரிவிடத் தெரிய வேண்டும், சோறு வடிக்கத் தெரிய வேண்டும், காய்ச்சலுக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று தெரிய வேண்டும். ஆண்டவரே துண்டைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவினார் என்றால், பிள்ளையின் துணியை அலசுகிறதில் நமக்கு என்ன குறைச்சல்?

6. போகிற சகோதரிக்குச் சில புத்திமதிகள்

ஆவிக்குரிய செய்தியில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே போதித்தார்.

முதலாவது, எந்தப் படிப்பு என்று தெரிந்துகொள். ஏ.என்.எம். 2 வருஷம். பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், வயது 17-லிருந்து 35-க்குள். ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். சில பள்ளிகளில் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்பார்கள், பணம் கட்டும் முன்பே கேள். சின்னப் பிள்ளை உள்ளவளுக்கு இதுதான் முதல் தடை.

இரண்டாவது, ஏமாறாதே. "ஆறே மாதத்தில் நர்ஸ்" என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி சீட்டுப் பணத்தையெல்லாம் கட்டிப் படித்து முடித்தபின், அந்தச் சான்றிதழைப் பதிவு செய்ய முடியாது என்று தெரிந்தது. அழுதால் பணம் வருமா? ஆகவே பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலும் கொடுத்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார். இந்த மாநிலத்தில் நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926-லேயே சட்டம் வந்தது. படித்து முடித்துக் கவுன்சிலில் பேர் பதிந்தால்தான் நீ நர்ஸ். உதவியாளர் பயிற்சியும் கண்ணியமான வேலைதான், ஆனால் அதை நர்ஸ் படிப்பு என்று நம்பிக் கடன் வாங்காதே. கந்துவட்டிக்காரன் வாசலில் மிதிக்கவே மிதிக்காதே.

மூன்றாவது, வியாதியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். விசுவாசமும் வேண்டும், சோப்பும் வேண்டும். காசநோய் காற்றினால் பரவும், தட்டு டம்ளரினால் அல்ல. அந்த வார்டில் முகத்தோடு இறுக்கமாய்ப் பொருந்துகிற என்-95 முகக்கவசம் போட வேண்டும். எச்.ஐ.வி. தொடுகிறதினால் வராது, இரத்தத்தினால் வரும். ஆகவே போட்டு முடித்த ஊசிக்கு மறுபடியும் மூடி போடாதே, அப்போதுதான் பலருக்குக் குத்துகிறது. குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே வார்டு இன்சார்ஜிடம் சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாயோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டக்கூடாது. மஞ்சள்காமாலை பி வகைக்குத் தடுப்பூசி மூன்று தவணை, பயிற்சி ஆரம்பத்திலேயே போட்டுக்கொள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடிவரும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, முதலில் யூனிபாரத்தை மாற்றி, கையைக் கழுவி, பிறகு தூக்கு.

நான்காவது, உன் உரிமையைத் தெரிந்துகொள். வேலைக்குச் சேர்ந்தபின் பிள்ளை பெற்றால், முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு 12 வாரமாயிருந்ததை 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்ற விதியும் அப்போது வந்தது. கேட்கிறது பாவம் அல்ல. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயிடம் போய்த் தங்கள் சுதந்தரத்தைக் கேட்டார்கள், அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார்.

ஐந்தாவது, உன் சரீரம். நைட் டூட்டி முடித்து வந்து, சமைத்து, துவைத்து, உபவாசமும் இருந்து, கூட்டத்துக்கும் வந்து மயங்கி விழாதே. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் பிரசங்கம் பண்ணி எழுப்பவில்லை. சாப்பிடச் சொன்னான், தூங்கவும் விட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். சில நாட்களில் தூக்கமே கர்த்தர் தருகிற ஈவு.

7. ஞாயிற்றுக்கிழமை டூட்டி

"ஆராதனையை விடவேண்டி வருதே அக்கா" என்று கண்ணீரோடு கேட்கிறார்கள். அந்தப் பாரம் நல்ல பாரம். அதை இழந்துவிடாதே. ஆனாலும் நம் ஆண்டவர் ஓய்வுநாளில் சுகமாக்கினபோது கோபப்பட்டவர்கள் யார் என்று யோசித்துப் பார். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று அவர் கேட்டார். ஞாயிறு காலை பிரசவ வலியில் துடிக்கிறவளை, "ஆராதனை முடிந்து வருகிறேன், பொறு" என்று சொல்ல முடியுமா? லேபர் வார்டிலே கையுறை மாட்டுகிற நேரத்தில் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள். அங்கேயும் அவர் இருக்கிறார். டூட்டி இல்லாத நேரத்தில் சபைக்கூட்டத்தை அசட்டை பண்ணாதே. வார்டில் வாயினால் பிரசங்கிக்க உனக்கு அனுமதி இல்லாமலிருக்கலாம். பொறுமையான கை, கோபமில்லாத சொல், நோயாளியிடம் காசு கேட்காத மனசு, இவைகளைத் தடை செய்ய எந்தச் சட்டமும் இல்லை.

சபைக்கு ஒரு வேண்டுகோள்

பவுல் ரோமருக்கு எழுதும்போது பெபேயாளைக் குறித்து, அவளுக்குத் தேவையான எந்தக் காரியத்திலும் அவளுக்கு உதவி செய்யுங்கள் என்று சபையைக் கேட்டுக்கொண்டார். அதே தைரியத்தில் நானும் மூன்று காரியம் கேட்கிறேன்.

ஒன்று: படிக்கிற, வேலைக்குப் போகிற சகோதரி வீட்டின் பக்கத்தில் இருக்கிற இரண்டு மூத்த சகோதரிகள், வாரத்தில் இரண்டு நாளாவது அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வாருங்கள். ஒருவராக வேண்டாம், இரண்டு பேராக இருங்கள், கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைகளின் பாதுகாப்பில் நாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டிய காலம் இது. இரண்டு: பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மை, பரீட்சை நாள், மழையில் ரயில் நின்றுபோன நாள், இப்படித் திடீரென்று கூப்பிட்டால் போகிறதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் சகோதரிகள் ஐக்கியத்தில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளம் வந்தபோது யார் வீடு யாருக்குத் திறந்தது என்று நாம் அறிவோம். வெள்ளம் வந்தால் மட்டுந்தானா திறக்க வேண்டும்? மூன்று: அவள் கூட்டத்துக்கு வரவில்லை என்று பேசுகிறதற்கு முன், அவள் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு, வரும்போது பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.

தேவன் சிப்பிராளுக்கும் பூவாளுக்கும் வீடு கட்டினார். அவர் வானத்திலிருந்து செங்கலை இறக்கிக் கட்டுகிறதில்லை. ஒரு மாமியாரின் மடியை எடுக்கிறார், ஒரு புருஷனின் கையை எடுக்கிறார், ஒரு அடுத்த வீட்டு விசுவாசியின் மத்தியான நேரத்தை எடுக்கிறார். அந்தக் கல்லாக இருக்க நீ ஆயத்தமா? சகோதரியே, நீ போகிறதற்கு ஆயத்தமா? பிள்ளை யார் கையில் இருக்கும் என்பதை முதலாவது ஜெபத்தோடே முடிவு செய். பிறகு பயப்படாமல் விண்ணப்பத்தை எழுது.

ஜெபம்

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் தாய்மாரின் கர்ப்பத்தில் எங்களை உருவாக்கினவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்கள் சபையிலே படிக்கவும் பணி செய்யவும் பாரத்தோடு இருக்கிற ஒவ்வொரு தாயையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவளுடைய போக்கையும் வரத்தையும் காத்தருளும். வார்டிலே அவள் கைகளை ஆசீர்வதியும். வீட்டிலே அவள் பிள்ளைகள் ஏங்கிப்போகாதபடி உமது செட்டைகளின் கீழ் மூடிக்கொள்ளும். புருஷர்களுக்கு இரக்கமுள்ள இருதயத்தையும், மூத்த தாய்மாருக்குப் புதுபெலனையும், எங்கள் எல்லாருக்கும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிற கிருபையையும் தாரும். மருத்துவச்சிகளுக்கு வீடு கட்டினவரே, இவர்களுக்கும் கட்டும். இயேசு கிறிஸ்துவின் மாறாத நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே.

ஆமென். அல்லேலூயா!